அம்மனுக்குக் கால் நீட்டிய சபை

அலை வந்து மதிலைத் தட்டிவிட்டுப் போகும் பவழத்துறை நாட்டை ரொம்பக் காலத்துக்கு முன்னே இளஞ்செழுவன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியதை மாலையில் தரையில் போட்டு உடைப்பான். அப்படி ஒரு குணம். அவனுக்கு மந்திரி தீத்தாரப்பன். துறைமுகத்தில் மிளகுத் தரகு பேசி, அடி வாங்கி, அடி கொடுத்து மேலே வந்த ஆள். பேருக்கேற்ற கோபம். சபையில் மெதுவாகப் பேச அவனுக்கு இன்னும் பழகவில்லை.

அவன் பேசிப் பேசி வரவழைத்தவைதான் தூமணித் தீவுக் கப்பல்கள். அவை ஏற்றிக்கொண்டு போனால்தான் கிடங்கில் கிடக்கிற மிளகு பூசணம் பிடிக்காமல் தப்பும், துறைமுகத் தெருவில் அடுப்பு எரியும்.

தீவின் தூதன் கெலூவா சபைக்கு வந்தான். மொழிபெயர்க்கச் சொக்கேசனார் எழுந்தார். 'பன்மொழிச் சிங்கம்' என்று அவருக்குப் பட்டம். அந்தப் பட்டத்தைச் சிபாரிசு செய்ததும் அவரேதான். ஒரு மாலுமியைப் பிடித்து உட்காரவைத்து, தலைக்கு என்ன சொல், வாலுக்கு என்ன சொல் என்று கேட்டு உருப்போட்டு, ஒரே மழைக்காலத்தில் தீவு பாஷையை முடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மந்திரி ஆசனத்தின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

"தூதரை என் வலப்பக்கம் உட்காரச் சொல்லும்" என்றான் ராஜா.

சொக்கேசனார் வாயைத் திறந்தார், மூடினார், கனைத்துக்கொண்டார். "மகாராஜா, இவர்கள் பாஷையில் வலமும் இல்லை, இடமும் இல்லை. அதற்குச் சொல்லே கிடையாது. சொல் இல்லாத இடத்தில் எண்ணம் எங்கே இருக்கப்போகிறது? சோற்றுக்கை எது, பீச்சாங்கை எது என்று தெரியாத ஜனங்கள்."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சபையும் வாயை மூடிக்கொண்டது.

"வலம் தெரியாதவன் நம் அம்மனை எப்படி ஐயா வலம் வருவான்? இவனோடு என்ன உடன்படிக்கை? குடிதண்ணீர்கூடக் கொடுக்காமல் கப்பலை விரட்டுங்கள்" என்றான் ராஜா.

தீத்தாரப்பனுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. "மகாராஜா, இவருக்குத் தெரிந்தது சொல், மொழி இல்லை. கூடையைத் தடவிப் பார்த்துவிட்டு மீன் தின்றேன் என்கிறார்."

"அப்படியா? சரி, எதிலாவது ஒன்றில் இவர்களுக்கு நம்மைவிடப் புத்தி அதிகம் என்று விளக்கு வைப்பதற்குள் காட்டும். காட்டாவிட்டால் முத்திரை மோதிரத்தைச் சொக்கேசனாரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போம்."

சொக்கேசனார் அப்போதே தன் விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

தீத்தாரப்பன் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான். "பெரிய பரீட்சை ஒன்றும் வேண்டாம். சொக்கேசனாரும் தூதரும் கண்ணைக் கட்டிக்கொண்டு நிலவறைக்கு வரட்டும். அங்கே கட்டை அவிழ்த்ததும் நம் அம்மனைக் கும்பிட வேண்டும். அவ்வளவுதான்."

அரண்மனைக்குத் தெற்கே அம்மன் கோயில். அந்த நாட்டில் எங்கே விழுந்து கும்பிட்டாலும் தலை அந்தத் திசையில் இருக்கவேண்டும். அம்மன் பக்கம் கால் நீட்டுவதைப்போல ஒரு குற்றம் அங்கே கிடையாது.

"என் அம்மன் இருக்கிற திசை எனக்குத் தெரியாதா? நானும் வருகிறேன். சபையும் வரட்டும்" என்று எழுந்தான் ராஜா.

இதைத் தீத்தாரப்பன் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பேரத்தில் நாக்கு நீட்டியபிறகு உள்ளே இழுக்க முடியுமா?

எல்லோர் கண்ணையும் கட்டி, தூணைச் சுற்றிச் சுற்றி அழைத்துப்போய், நிலவறையில் நிறுத்திக் கட்டை அவிழ்த்தார்கள். சன்னல் இல்லை. ஒற்றை விளக்கு. கும்பிடவேண்டிய கோயில் எதுவென்று தூதனுக்குத் தீத்தாரப்பன் அவன் பாஷையில் சொன்னான்.

ராஜா ஒரு கணம் யோசித்துவிட்டு ஒரு பக்கமாகச் சாஷ்டாங்கமாக விழுந்தான். அதற்குள் வேறு பக்கம் குனிந்துவிட்ட சொக்கேசனார், ராஜாவைப் பார்த்ததும் குனிந்தவாக்கிலேயே திரும்பி அவன் பக்கத்தில் விழுந்தார். சபை முழுக்க அதே பக்கம் விழுந்தது. கெலூவா மட்டும் கழுத்தைச் சொறிந்துகொண்டே, எல்லோருடைய காலும் நீண்டிருந்த திசையைப் பார்த்துக் கைகூப்பினான்.

"இத்தனை பேர் விழுந்து காட்டியும் இவனுக்குத் தெரியவில்லை பாருங்கள்" என்றார் சொக்கேசனார், தரையில் மூக்கை வைத்தபடியே.

கெலூவா பார்த்து நின்ற சுவரின் உச்சியில், தானியம் கொட்டுகிற வழி பலகையால் அடைத்திருந்தது. தீத்தாரப்பன் அதைத் திறக்கச் சொன்னான். சாய்ந்த வெயிலில் கோபுரம் தெரிந்தது. சபையின் உள்ளங்கால் அத்தனையும் அம்மனுக்கு நேராக. முதல் வரிசையில் ராஜாவின் கால்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ராஜாதான் முதலில் எழுந்து உட்கார்ந்து மார்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். "நாங்கள் இத்தனை பேர் இந்தப் பக்கம் திரும்பினோமே, நீர் ஏன் திரும்பவில்லை என்று கேளும்."

கெலூவா பதில் சொன்னான். அதைக் கொஞ்சம் இனிப்புத் தடவிக் கொடுக்கலாமா என்று தீத்தாரப்பனுக்குத் தோன்றியது. சரக்கில் கலப்படம் செய்து பழக்கமில்லை, அப்படியே சொன்னான்.

"நீங்கள் திரும்பினீர்கள். தெற்கு திரும்பவில்லையே என்கிறார்."

"இது என்ன வித்தை?" என்றான் ராஜா.

"வித்தை இல்லை மகாராஜா, பேச்சு. சாப்பிடும்போதுகூடக் 'கிழக்குக் கரண்டியை எடு' என்பார்கள். 'உன் வடக்குக் கன்னத்தில் பருக்கை ஒட்டியிருக்கு' என்பார்கள். ஆள் திரும்பி நின்றால் அதே கன்னம் தெற்குக் கன்னம். திசை தெரியாமல் அங்கே வாயைத் திறக்க முடியாது. அதனால் பிறந்ததிலிருந்து மனசு அதைக் கவனித்துக்கொண்டே இருக்கும். நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் வலமும் இடமும் நம்மோடேயே சுற்றும். ஒருகாலத்தில் இவர்கள் படகில் மூட்டை இறக்கினேன். 'இடப்பக்கம் தள்ளுங்கடா' என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தனும் அசையவில்லை. மூட்டை என் கால்மேல் விழுந்தது. இந்தப் பாஷையில் எனக்கு அதுதான் முதல் பாடம்."

ராஜா அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். சிரிக்கலாம் என்று தெரிந்ததும் சபை இன்னும் பலமாகச் சிரித்தது.

உடன்படிக்கை அன்றைக்கே முடிந்தது. ராஜா தன் கைக்கடகத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "சொக்கேசனாரே, பட்டத்தை இங்கே வைத்துவிட்டு இந்தக் கப்பலிலேயே போய்ப் பாஷை படித்துக்கொண்டு வாரும்" என்றான்.

கடலில் அவர் சோறு கேட்டு வாங்குவதற்குள் என்ன பாடுபட்டார் என்று யாரும் பார்க்கவில்லை. மறுவருஷம் மெலிந்து, கறுத்துத் திரும்பிவந்தார்.

"எங்கே, தீவு பாஷையில் ஏதாவது பேசும், கேட்போம்" என்றான் ராஜா.

பழைய சொக்கேசனார் என்றால் நின்ற இடத்திலேயே நூறு சொல்லைக் கொட்டியிருப்பார். இவர், "கொஞ்சம் பொறுங்கள் மகாராஜா" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று முற்றத்துக்குப் போனார். கையை நெற்றிக்குக் கொடுத்துச் சூரியன் எங்கே இருக்கிறது என்று நிதானமாகப் பார்த்தார். அதற்கப்புறம்தான் உள்ளே வந்து வாயைத் திறந்தார்.