ஓட்டை அடைத்த டைப்பிஸ்ட்

அந்த ஆபீஸில் கம்ப்யூட்டர் கடிகாரத்தைத் திருத்தக்கூட சிஸ்டம் மேனேஜர் சடகோபனிடம் இரண்டு காப்பி மனு தர வேண்டும்.

"சிஸ்டத்துல ஓட்டை இருக்கு சார். யார் வேணும்னாலும் உங்களை மாதிரி அட்மின் ஆகிடலாம்" என்றாள் டைப்பிஸ்ட் பூங்காவனம்.

"என் சிஸ்டத்துலயா? நாளைக்குள்ள நீ அட்மின் ஆகிக் காட்டு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ!"

மறுநாள் பூங்காவனம்தான் அட்மின்.

"எப்படி?" என்று அலறினார் சடகோபன்.

"சிஸ்டம் தினமும் காலையில ஒரு ஃபைலைப் படிச்சு, அதுல இருக்கறதை உங்க அதிகாரத்தோட செய்யுது. மனு வாங்கிச் சலிச்சுப்போய், அந்த ஃபைலை யாரும் திருத்தலாம்னு நீங்கதான் திறந்து விட்டீங்க. 'இனி பூங்காவனம் மட்டுமே அட்மின்'னு ஒரு வரி சேர்த்தேன்."

"உடனே ஓட்டையை அடை!"

"அடைச்சாச்சு சார். இனி அட்மினால மட்டும்தான் அந்த ஃபைலைத் திருத்த முடியும்."

"அப்போ என்னை மறுபடி அட்மின் ஆக்கு!"

பூங்காவனம் மனுப் படிவத்தை நீட்டினாள். "ரெண்டு காப்பி சார்."