நீலமேகத்தின் ஒரு சொல்

1998 ஜூன் 12, காலை ஆறு மணி. ஆனைகட்டி மலையடிவாரத்து மடத்தில் பதினோரு சீடர்கள் இருந்தார்கள். பன்னிரண்டாவதாக வந்து சேர்ந்தவர் நீலமேகம். வயது அறுபத்து மூன்று. கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு வீட்டை மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். திரும்பிப் போக இடமில்லை.

குரு வெள்ளியம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

“ஆறு மாசம் பேச்சு கிடையாதுங்க ஐயா. சைகையும் ஆகாது. ஒரே ஒரு சொல்லை மட்டும் வெச்சுக்கலாம். வேற சொல் வாயில வந்தா மூட்டை கட்டிடணும். எந்தச் சொல் வேணும்?”

மற்றவர்கள் தண்ணீர், போதும், சிவசிவா என்று வைத்திருந்தார்கள். நீலமேகம் யோசிக்கவே இல்லை.

“செட்.”

“அதென்னங்க?”

“இங்கிலீஷ்ல ரொம்ப அதிக அர்த்தம் இருக்கற சொல்லும்மா. வைக்கிறது, இறுகுறது, சூரியன் மறையிறது, தயாரா நிக்கிறது, கூட்டம்... அகராதியில பக்கம் பக்கமாப் போகும். இது ஒண்ணை வெச்சே எல்லாம் பேசிடலாம்.”

“கெட்டிக்காரர்தான்” என்றார் வெள்ளியம்மை.

அன்று காலைப் பந்தியில் சட்னிக்கு உப்பு போதவில்லை. நீலமேகம் “செட்” என்றார். சமையல்காரி பழனாத்தா இலையில் இரண்டு தோசையை வைத்தாள். தண்ணீருக்கும் “செட்” என்றார், இரண்டு தோசை வந்தது. போதும் என்பதற்கும் அதையே சொல்லிப் பார்த்தார், மறுபடி இரண்டு.

சமையல்காரிக்குப் பேச்சு விதி கிடையாது. “புரொபசருக்கு மலைக்காத்து நல்லா ஒத்துக்கிச்சுங்க” என்றாள். “வாயத் தொறந்தாலே செட் தோசைதான்.”

ஒரு மாதம் அப்படியே போயிற்று. நீலமேகம் உப்பில்லாமல் தின்னப் பழகினார்.

ஜூலைக் கடைசியில் ஒரு காலை, கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பலாமரத்தடியில் பழனாத்தா பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் மூங்கில் புதர் விலகிற்று. கிளை முறியும் ஓசைகூட இல்லை. ஒற்றைக் கொம்பன் நின்றது. துதிக்கை நீண்டு வந்தது.

நீலமேகம் கத்தினார்.

“செட்!”

பழனாத்தா கத்தியைப் போட்டுவிட்டுச் சமையல்கட்டுக்குள் ஓடினாள். யானை பலாப்பழத்தைத் தின்றது. கூரையிலிருந்து ஒரு தகரத்தை இழுத்துப் போட்டுவிட்டுப் போயிற்று.

அன்று மாலை நீலமேகம் வெள்ளியம்மையின் முன்னால் வந்து நின்றார்.

“செட்” என்றார்.

வெள்ளியம்மை நிமிர்ந்து பார்த்தார்.

“யானைன்னு கத்தியிருக்கலாம். மடத்துல இருந்து அனுப்பிடுவாங்கன்னு பயந்து, புரியாத சொல்லைச் சொல்லி ஒரு உசுரோட வெளையாடிட்டேனா? அதுதானுங்களே கேக்கறீங்க?”

நீலமேகம் நினைத்ததில் ஓர் எழுத்து விடுபடவில்லை.

பழனாத்தாவை அழைத்தார்கள்.

“காலையில ஐயா என்ன சொன்னார்?”

“எந்திரி, திரும்பிப் பாக்காத, ஓடுன்னாருங்க.”

“செட்னு தானே சொன்னார்? தோசை ஞாபகம் வரலையா?”

“ஏனுங்க அம்மணி, அந்தக் குரலுக்கு யாராச்சும் தோசை சுடுவாங்களா? எங்கப்பன் கத்தற மாதிரி இருந்துச்சு. அவுரு செத்துப் பதினஞ்சு வருசம் ஆச்சுங்க.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள்.

வெள்ளியம்மை நீலமேகத்தின் பக்கம் திரும்பினார்.

“உங்க அகராதியில இது எத்தனாவது அர்த்தமுங்க ஐயா?”



1998 டிசம்பர் 12ஆம் தேதியோடு ஆறு மாதம் முடிந்தது. இனி என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்று வெள்ளியம்மை சொன்னார். மறுநாள் காலைப் பந்தியில் நீலமேகம் “செட்” என்றார். பழனாத்தா உப்பு வைத்தாள்.