மேற்கே பார்த்தால் எரியும் பல்பு

மஞ்சுக்கொம்பை என்ற மலையூரில் நான்கு சிநேகிதர்கள் இருந்தார்கள். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள். மூளையும் அதே கணக்குதான் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். மோட்டார் சைக்கிள் முழுசாக இருந்தது.

வண்டி எட்டியப்பனுடையது. பின்னால் உட்காருகிறவன் குப்பாண்டி. அவனுக்கும் பின்னால் பூசாலி. சென்றாயனுக்கு இடம் இருக்காது. அவன் கூடவே ஓடி வருவான். வண்டி போகும் வேகத்துக்கு அதில் ஒன்றும் சிரமம் இருக்கவில்லை.

எட்டியப்பனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் கிழக்கே ஐந்து மைல் தள்ளி இருக்கும் புங்கமடை. பெயர் மாதம்மா. முகூர்த்தம் தை மாதம் பதினெட்டாம் தேதி காலை ஆறிலிருந்து ஏழரைக்குள். தை மாதத்தில் அந்த மலையில் விடிகாலைப் பனி எப்படி என்றால், கையை நீட்டினால் கை திரும்பி வரும் வரை அது நம்முடையது என்று சத்தியம் செய்ய முடியாது.

கார்த்திகையில் பெண் பார்க்கப் போனபோதே இந்தப் பனியால் ஒரு சங்கடம் நடந்திருந்தது. வண்டியின் பழைய பல்பு மின்மினிப் பூச்சிக்குத் தம்பி. அந்த வெளிச்சத்தில் நான்கு பேரும் ஏதோ ஒரு வீட்டில் இறங்கி, உட்கார்ந்து, பஜ்ஜி தின்று, காபி கொண்டுவந்த பெண்ணைப் பார்த்து "எனக்கு சம்மதம்" என்று எட்டியப்பன் சொல்லிவிட்டான். அந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு புருஷனும் இருந்தான். அவன் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தான், கோடாலியோடுதான் உள்ளே வந்தான்.

மாதம்மாவின் அப்பா முனிரத்தினம் நல்ல மனுஷன். கோபிக்கவில்லை. ஆனால் நிச்சயத்தன்று நாலு பேர் நடுவில், "கல்யாணத்துக்காவது கண்ணு தெரிஞ்சு வாங்க மாப்பிள்ளை. வண்டிக்கு எல்இடி பல்பு போடுங்க" என்று சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பந்தக்கால் ஓரமாக நின்ற மாதம்மாவும் சிரித்தாள். எட்டியப்பனுக்கு அது நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் முதல் நாள் சாயங்காலமே வேனில் புறப்பட்டபோது, "நான் என் வண்டியிலதான் வருவேன். பனியில வந்து காட்டுறேன்" என்று நின்றுவிட்டான்.

அதற்கு முன்னாலேயே நான்கு பேரும் அடிவாரத்து டவுனில் சலாவுதீன் பாய் கடைக்குப் போய், முன்னால் போட ஒரு எல்இடி பல்பும், பனிக்கென்று தனியாக ஒரு சின்ன விளக்கும் வாங்கியிருந்தார்கள். பாய் கடையில் அன்று ஏழெட்டு வண்டிகள் காத்துக் கிடந்தன.

"நாளைக்கு வாங்க, நானே மாட்டித் தர்றேன்" என்றார் பாய்.

"எப்படி மாட்டணும்னு சொல்லுங்க, சொன்னபடி செஞ்சுடுவோம்" என்றான் எட்டியப்பன். பாய்க்கு அவர்களை முன்பின் தெரியாது. நம்பிச் சொன்னார்:

"பல்பு மேல விரல் படக்கூடாது. எரியலைன்னா திருப்பிப் போடுங்க, எரியும். அப்புறம் வண்டியைக் கொண்டுபோய் சுவத்துக்கு இருபத்தஞ்சு அடி தள்ளி நிறுத்துங்க. சுவத்துல ஒரு கோடு போடுங்க. வெளிச்சம் கோட்டுக்குக் கீழதான் விழணும், இல்லைன்னா எதிர்ல வர்றவன் கண்ணு கூசும். சின்ன விளக்கு பனிக்கு மட்டும். அவ்வளவுதான்."

நான்கு பேரும் இதை வழியெல்லாம் பாட்டாகப் பாடிக்கொண்டே வந்தார்கள். ஒரு சொல்லைக்கூட மறக்கவில்லை. வந்த கஷ்டமெல்லாம் அதனால்தான்.

சொந்தங்கள் வேனேறிப் போனதும் வேலை ஆரம்பமானது. விரல் படக்கூடாது. சென்றாயன் கால் இரண்டையும் நீட்டி, "காலால பிடிக்கட்டுமா?" என்றான்.

"கால்ல இருக்கிறது என்ன?" என்றான் குப்பாண்டி.

சென்றாயன் குனிந்து பார்த்தான். "விரல்" என்றான் வருத்தமாக.

முழங்கைகளால் பிடித்துப் பார்த்தார்கள். பல்பு நழுவி மோர்ச் சட்டியில் விழுந்தது. கடைசியில் பூசாலி அதை உதட்டால் கவ்விக்கொண்டு முகத்தை வண்டியோடு ஒட்டிவைத்தான். ஒயரைக் கோக்க ஆரம்பித்ததும் பூசாலி "ம்ம்" என்றான்.

"சரிங்கிறான்" என்றான் குப்பாண்டி.

"இல்லை, வேண்டாங்கிறான்" என்றான் சென்றாயன்.

"ம்ம்ம்" என்றான் பூசாலி.

இது சம்மதமா மறுப்பா என்று இருவரும் அரைமணி நேரம் விவாதித்தார்கள். எட்டியப்பன்தான் நடுநிலையாக, "அவனையே கேட்டுடலாம்" என்றான். கேட்டார்கள். அவன் "ம்ம்" என்றான். எப்படியோ பல்பு உள்ளே போய் உட்கார்ந்தது. பூசாலி வாயைத் துடைத்துக்கொண்டு, "கழுத்து பிடிச்சுக்கிச்சுன்னு எத்தனை தடவைடா சொல்றது" என்றான்.

சாவியைத் திருகினார்கள். எரியவில்லை.

குப்பாண்டி நிதானமாக, "எரியலைன்னா திருப்பிப் போடச் சொன்னாரே" என்றான். வண்டி அப்போது கிழக்கே பார்த்து நின்றது. நான்கு பேரும் பிடித்து, மேற்கே பார்க்கத் திருப்பிப் போட்டார்கள். திருப்பும்போது முன்சக்கரம் வாசல் கல்லில் ஏறி இறங்கியது. எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்த ஒயர் போய் ஒட்டிக்கொண்டது. இதை வண்டி யாரிடமும் சொல்லவில்லை.

பளீர் என்று எரிந்தது. நான்கு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

சந்தேகத்துக்கு மறுபடி கிழக்கே திருப்பினார்கள். கல்லில் ஏறி இறங்கியதும் அணைந்தது. மேற்கே திருப்பினார்கள். எரிந்தது. மூன்று தடவையும் அப்படியே.

"கிழக்கே ஏன் எரிய மாட்டேங்குது?" என்றான் சென்றாயன்.

"கிழக்கேதான் சூரியன் இருக்கான்ல. ஒரே பக்கத்துக்கு ரெண்டு பேர் எதுக்கு?" என்றான் பூசாலி. அதில் யாருக்கும் குறை சொல்லத் தோன்றவில்லை.

"புங்கமடை கிழக்கே இருக்கே" என்றான் எட்டியப்பன்.

புங்கமடைக்காரர்களை மேற்கே குடிமாறச் சொல்லலாமா என்று சென்றாயன் கேட்டான். ஒரே ராத்திரியில் பாத்திரம் பண்டமெல்லாம் எடுத்துவைக்க அவர்களால் முடியாது, பாவம் என்று குப்பாண்டி சொன்னான். பிறகு அவனே, "வண்டி மேற்கே பார்த்துக்கிட்டு இருக்கட்டும். நாம அதைக் கிழக்கே தள்ளிக்கிட்டுப் போவோம். அதுக்கு எப்படித் தெரியும்?" என்றான். எட்டியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்தது சுவர். "சுவத்துக்கு இருபத்தஞ்சு அடி" என்று நினைவுபடுத்திக்கொண்டு சென்றாயன் ஓர் உலக்கையை எடுத்து வந்தான். எட்டியப்பன் வீட்டுக் குளிக்கும் அறைக்கு மண்சுவர். சென்றாயன் எண்ணி எண்ணி அடித்தான். பத்தொன்பதாவது அடியில் சுவர் விழுந்துவிட்டது.

"இன்னும் ஆறு பாக்கி இருக்கே" என்றான் சென்றாயன் மூச்சு வாங்க.

"விழுந்தவனை அடிக்கக் கூடாது. விடு" என்றான் குப்பாண்டி. "'தள்ளி'ன்னும் சொன்னாரே. அடிச்சு, தள்ளியாச்சு. கணக்கு சரிதான்."

கணக்கு சரி. ஆனால் கோடு போடச் சுவர் இல்லை. மூங்கில் தட்டி ஒன்று கிடந்தது. அதன் மேல் வெள்ளையாக எதையாவது கட்டினால் சுவராகிவிடும். வீட்டில் வெள்ளையாக இருந்தது ஒன்றே ஒன்று, மாப்பிள்ளையின் பட்டு வேட்டி. எட்டியப்பன் கொஞ்சம் தயங்கினான். அப்புறம் மாதம்மா சிரித்தது நினைவுக்கு வர, வேட்டியை எடுத்துக் கொடுத்தான்.

வேட்டியின் நடுவே கரியால் கோடு கிழித்தார்கள். வெளிச்சம் கோட்டுக்கு ஒரு சாண் மேலே விழுந்தது. குப்பாண்டி கோட்டை எச்சில் தொட்டு அழித்துவிட்டு, இரண்டு சாண் மேலே புதுக்கோடு போட்டான். வெளிச்சம் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது.

"வேலை முடிஞ்சது" என்றான் எட்டியப்பன்.

"இங்கே முடிஞ்சது. வழியில?" என்றான் பூசாலி. "கோட்டுக்குக் கீழ விழணும்னாரு பாய். வீட்டுல மட்டும் விழுந்தா போதும்னு சொன்னாரா?"

சொல்லவில்லை. ஆகவே கோடும் கூட வர வேண்டும் என்று முடிவாயிற்று.

கோழி கூவுவதற்கு முன்பே புறப்பட்டார்கள். அது ஒரு காட்சி. வண்டி மேற்கே பார்த்திருந்தது. மாப்பிள்ளை அதன் மேல் கைப்பிடியைப் பிடித்தபடி லுங்கியில் உட்கார்ந்திருந்தான். குப்பாண்டியும் பூசாலியும் இரண்டு பக்கமும் பிடித்து அதைக் கிழக்கே, பின்பக்கமாக நகர்த்தினார்கள். வண்டிக்கு முன்னால், அதாவது ஊர்வலத்துக்குப் பின்னால், சென்றாயன் வேட்டித் தட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். பல்பு வெளிச்சம் முழுவதும் வேட்டியில் விழுந்து, பால் மாதிரி பிரகாசித்தது. எட்டியப்பனுக்குத் தன் வேட்டியின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. போகிற வழி மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

பாதி வழியில் பனி இன்னும் கெட்டியானது. கைப்பிடியில் கட்டியிருந்த சின்ன விளக்கைப் போட்டார்கள்.

"இது எதுக்குடா?" என்றான் எட்டியப்பன்.

"பனிக்கு மட்டும்னாருல்ல. பனிக்கு நம்மளைத் தெரியணும். தெரிஞ்சாதான் ஒதுங்கும்" என்றான் பூசாலி.

பனி ஒதுங்கவில்லை. "புதுப் பனி போல, பழகலை" என்று பூசாலி அதையும் மன்னித்துவிட்டான்.

இரண்டு தடவை பள்ளத்தில் இறங்கி ஏறினார்கள். ஒரு தடவை காப்பித் தோட்டத்துக்குள் போய், சுற்றி, வெளியே வந்தார்கள். மணி என்ன என்று தெரியவில்லை. முகூர்த்தம் தப்பினால் மாதம்மா தலைகுனிந்து நிற்பாளே என்று நினைத்தபோது எட்டியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "தள்ளுங்கடா" என்றான். "தள்ளுங்கடா, கெட்டிக்காரங்களா."

புங்கமடையில் முனிரத்தினம் ஊர் எல்லையில் ஆரத்தித் தட்டோடு ஆட்களை நிறுத்திவிட்டு, வாட்சைப் பார்த்தபடி தவித்துக்கொண்டிருந்தார். ஏழே கால் ஆகிவிட்டது. அப்போது பனிக்குள் ஒரு சிவப்பு விளக்கு தெரிந்தது. அது வண்டியின் பின்விளக்கு. அதற்கு மேல் மாப்பிள்ளையின் முதுகு.

"ஐயையோ! மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டுத் திரும்பிப் போறாரே!" என்று அலறினார் முனிரத்தினம். போகிறவர் போகப் போகப் பெரிசாகிக்கொண்டு வந்ததை அவர் கவனிக்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினார். "மாப்பிள்ளை, நான் பல்பு கில்புன்னு ஏதோ கேலியா பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க! போயிடாதீங்க!"

எட்டியப்பன் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தான். மாமனார் கண் கலங்கி நின்றார்.

"நான் திரும்பிப் போகலை மாமா" என்றான். "திரும்பி வந்திருக்கேன்."

அவசர அவசரமாகத் தட்டியிலிருந்து வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தான். தொடைக்கு மேல் ஒரு கறுப்புக் கோடு ஓடியது. "கரை புது மாதிரியா இருக்கே" என்று பெண்வீட்டார் இரண்டு பேர் தொட்டுப் பார்த்தார்கள். ஏழு இருபத்தைந்துக்குத் தாலி ஏறியது.

மாதம்மா மணவறையிலிருந்து எழுந்து வெளியே பார்த்தாள். பனிக்குள் வண்டி விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு, லைட்டை அணைங்க" என்றாள். புருஷனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. எட்டியப்பன் பூரித்துப் போய், மாலையும் கழுத்துமாக ஓடி, சுவிட்சை அணைத்தான்.

சரியாக அந்த நேரம் பார்த்துப் பனி விலகியது. வெயில் சுளீரென்று அடித்தது. பந்தல், வாழைமரம், தோரணம், எதிர்மலை, எதிர்மலையில் மேய்கிற மாடு, எல்லாம் தெரிந்தன.

நான்கு பேரும் சுவிட்சைப் பார்த்தார்கள். மலையைப் பார்த்தார்கள். மறுபடி சுவிட்சைப் பார்த்தார்கள்.

"அடப்பாவி" என்றான் குப்பாண்டி மெதுவாக. "இவ்வளவு நேரமும் நாம சுவிட்சைத் தலைகீழால்ல போட்டிருந்தோம். இப்பத்தான் போட்டிருக்கோம்."

முனிரத்தினம் வந்து, "என்ன மாப்பிள்ளை, எல்லாம் நல்லாத் தெரியுதா?" என்றார். எட்டியப்பன் அடக்கமாக, "கிழக்கேயும் எரியுது மாமா" என்றான்.

யாரும் தொட்டுவிடக் கூடாது என்று குப்பாண்டியை வண்டிப் பக்கத்தில் காவலுக்கு உட்காரவைத்தார்கள். பந்திச் சோறு இலையோடு அவனிடமே போனது. பொழுது முழுவதும் அவன் சுவிட்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சாயங்காலம் ஆறேகால் மணிக்கு அவன் அழாத குறையாக ஓடி வந்தான்.

"சத்தியமா நான் தொடலைடா. தானா மங்கி மங்கி அணைஞ்சு போச்சு."

எட்டியப்பன் வெளியே வந்து பார்த்தான். சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கி, ஊர் முழுவதும் இருட்டாகக் கிடந்தது. மாமனார் ஊரில் முதல் நாளே இப்படி ஆகிவிட்டதே என்று அவனுக்கு அவமானமாக இருந்தது. நான்கு பேரும் யோசித்து, வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பதுதான் மரியாதை என்று முடிவு செய்தார்கள்.

முதல் ஆறு வீட்டில் கதவைத் திறந்தவர்கள், கல்யாண வீட்டுக்காரர்களாயிற்றே என்று, ஒன்றும் புரியாமல் "பரவாயில்லைங்க" என்றார்கள். ஏழாவது வீட்டில் ஒரு பெரியவர் அவர்கள் சொன்னதைக் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார். "எங்க ஊர்ல தினமும் இந்த நேரத்துக்கு அணைஞ்சுடும் தம்பி."

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூசாலி கை கூப்பிக் கேட்டான்:

"ஐயா, நீங்களும் சலாவுதீன் பாய் கடையிலதான் வாங்கினீங்களா?"