கடைசிப் பாட்டில் ஒரு பேர்

"தாயே, என் கழுத்தை அறுத்துட்டாங்க!" என்று வந்து நின்றார் சட்டநாதக் கவிராயர்.

ஒப்பிலாம்மை நிமிர்ந்து பார்த்தாள். கழுத்து இருந்த இடத்தில்தான் இருந்தது. மறுபடி கீரை ஆயத் தொடங்கினாள்.

கவிராயர் சாதாரண ஆளா என்ன? பாளையக்காரர்கள் ஆண்ட காலம் அது. கொள்ளிடக் கரையில் கூத்துச் சபை வைத்திருந்தார். நாடகம் எழுதுவதும் அவர்தான், ஆள் சேர்த்து ஆடவைத்துச் சோறு போடுவதும் அவர்தான். யாருக்கும் வளையாத மனுஷன். தன்னைவிட வயதில் சின்னவளான இந்தச் சாமியாரம்மாவுக்கு முன்னால் மட்டும் கைகட்டி நிற்பார்.

"என்ன ஆச்சு?"

"புது நாடகத்தைப் பாளையக்காரருக்குப் பாடிக் காட்டினேன். கேட்டு அழுதுட்டார்."

"நல்லதுதானே?"

"கேளுங்க தாயே. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, 'கடைசிப் பாட்டில் என் பேரைப் போடும், நான் எழுதினதா இருக்கட்டும்'னார்."

நாடகம் எழுதியவர் கடைசிப் பாட்டில் தன் பேரைச் சேர்ப்பது வழக்கம். ஊருக்கு அவரைத் தெரிவதே அந்த ஒரு பாட்டில்தான்.

"மாட்டேன்னா?"

"அவர் சீமையில் எங்களுக்குக் கூத்தே கிடையாதாம். சபை மொத்தமும் பட்டினி."

"போட்டா?"

"அப்புறம் நான் எதுக்கு உயிரோட இருக்கணும்?" கவிராயர் மார்பில் தட்டிக்கொண்டார். "அது நான் பெத்த பிள்ளை தாயே. வயிறு எரியுது."

ஒப்பிலாம்மை ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தாள்.

"உங்க சபையில் ராஜா வேஷம் யாருக்கு?"

"உப்பு வண்டி ஓட்டுற மாரப்பனுக்கு."

"அவன் ராஜாவா?"

"அவன் எங்கே ராஜா! நான் கிரீடம் வெச்சுவிடுவேன். கூத்து முடியுற வரைக்கும் ராஜா."

"பாளையக்காரரும் ஒரு வேஷம்தானே கேட்கிறார்? கட்டிவிடுங்க."

கவிராயர் திருதிருவென்று விழித்தார். அப்புறம் பிடித்துக்கொண்டது சிரிப்பு.

"அடடா! பாளையக்காரருக்குக் கவிராயர் வேஷமா!" தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "எழுத்தாணி பிடிக்கத் தெரியாத மனுஷன்! சரி, கட்டிக்கிட்டு ஆடட்டும் தாயே. பேரைப் போட்டுடறேன். வேஷம்தானே, என்ன வந்தது!"

ஒப்பிலாம்மை சிரிக்கவில்லை. கீரையை அள்ளி முறத்தில் போட்டாள்.

"இத்தனை வருஷமா அந்தக் கவிராயர் வேஷத்தைக் கட்டியிருந்தது யாரு?"

தொடையைத் தட்ட ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.