இறங்கு வரி

'தொப்!'

அரண்மனைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்த மணல் மூட்டை, மகாராஜாவின் பாயசக் கிண்ணத்தில் விழுந்தது. ராஜாவின் மீசையில் சேமியா தொங்கியது. பக்கத்தில் இருந்த அரசவை விகடகவி கலியனின் தலைப்பாகையில் முந்திரி ஒட்டிக்கொண்டது. அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கலியன் சொன்னான்:

"பாயசத்துக்கு இனிப்பு போதவில்லை, மகாராஜா. மணல் தாராளம்."

வெகு காலத்துக்கு முன்னால், பெயரைச் சொன்னால் இன்றும் சிலர் சண்டைக்கு வரக்கூடிய ஒரு நாட்டில் நடந்தது இது. அந்த நாட்டில் புகைக்கூண்டு என்று ஒன்று இருந்தது. பெரிய பட்டுப் பை, அதற்குக் கீழே வைக்கோல் தீ, அதற்கும் கீழே ஆட்கள் உட்காரப் பிரம்புக் கூடை. காலைக் காற்றில் மலைக்கு அப்பால் போகும். மாலைக் காற்றில் திரும்பி வரும். அரண்மனை முற்றத்துக்கு மேலே வந்ததும் கயிற்றை இறக்குவார்கள். கீழே நிற்கும் ஆட்கள் இழுத்தால்தான் கூண்டு தரைக்கு வரும்.

பறப்பவர்களுக்கு ஆனந்தம்தான். கீழே இருப்பவர்கள் தலையில் சாம்பல், கூரையில் கனம் குறைக்க மேலிருந்து தள்ளிவிடும் மணல் மூட்டை.

"ஊர்க் கூரைகளை எல்லாம் யார் காசில் வேய்வது?" என்று மகாராஜா கர்ஜித்தார். "பறப்பவர்களுக்கு வரியை உயர்த்த வேண்டியதுதான்!"

பொக்கிஷ அமைச்சர் மகுடேசர் குனிந்து வணங்கினார். "உத்தரவு, மன்னா. கூண்டில் ஏறும் ஒவ்வொருவருக்கும் மும்மடங்கு வரி. ஏழை, பணக்காரன் என்ற பேதமே வேண்டாம். அரசு வேலையாக ஏறும் என் போன்றோருக்கு மட்டும் விலக்கு."

"அப்படியென்றால் அமைச்சர் பெருமான் தினமும் மலைச் சுனையில் குளிக்கப் போவதும் அரசு வேலையோ?" என்றான் கலியன். "அரசாங்கத்துக்கு முதுகு அரித்தால் அவர்தானே சொறிய வேண்டும்!"

சபை சிரித்தது. மகுடேசரின் முகம் சிவந்தது.

"பேசுவது எளிது, மன்னா. இந்த வரிப் பொறுப்பைக் கலியனிடமே கொடுத்துப் பாருங்கள்."

மகாராஜாவுக்கு அது பிடித்துவிட்டது. "சரி. கலியா, வரியை உயர்த்து. ஆனால் என் மண்ணில் நிற்கும் ஒருவன்கூட முணுமுணுக்கக் கூடாது. அடுத்த சந்தை நாளுக்குள் முடியாவிட்டால், தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு ஊரைப் பார்த்துப் போ."

வரியும் ஏற வேண்டும், முணுமுணுப்பும் கூடாது! கலியன் தலைகுனிந்து நின்றான். அப்போது மகாராஜாவின் பட்டு அங்கவஸ்திர ஓரத்தில் இரண்டு வைக்கோல் துரும்புகள் ஒட்டியிருப்பது தெரிந்தது. ராஜா மாட்டுத் தொழுவத்துக்குப் போகிறவர் இல்லையே என்று நினைத்தான். அப்போதைக்கு அதை மனதில் போட்டு வைத்தான்.

வாசலில் மஞ்சள் விற்கும் பூவாத்தாள் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க சாமி, வரி மூணு மடங்காமே? மலைக்கு அந்தாண்ட எம் பொண்ணு நெறமாசமா கெடக்கா. நடந்தா எந்தக் காலத்துல போய்ச் சேர்றது? ஒரே ஒரு தடவை பறக்கலாம்னு குருவி மாதிரி சேர்த்து வச்சேன். அதுலயும் மண்ணா?"

"தெனமும் பறக்கிறவனுக்கும் உனக்கும் ஒரே வரியா? இரு ஆத்தா, பார்க்கலாம்," என்றான் கலியன்.

அன்று மாலையே பறை அறைந்தார்கள். "கூண்டில் ஏறுவதற்கு இனி வரியே கிடையாது!"

இவ்வளவு காதில் விழுந்ததுமே மகுடேசர் துள்ளிக் குதித்தார். "வரியை ஏற்றச் சொன்னால் எடுத்தே விட்டான் மடையன்! தலைப்பாகை போயிற்று!" பறைக்காரன் மேலே என்ன சொன்னான் என்று கேட்க அவர் அங்கே நிற்கவில்லை.

சந்தை நாள் விடிந்தது. கலியன் ஊரைவிட்டுப் போவதை உயரத்திலிருந்து பார்த்து ரசிக்க ஆசைப்பட்டார் மகுடேசர். வெளியூரிலிருந்து வந்திருந்த மாமியாரையும் கூட்டிக்கொண்டு கூண்டில் ஏறினார். காலைக் காற்று எழும் முன் முற்றத்துக்கு மேலே கொஞ்ச நேரம் மிதந்தார். போதும் என்று தோன்றியதும் கயிற்றை இறக்கினார்.

கீழே ஆட்கள் கயிற்றைத் தூணில் கட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

"இழுங்களடா!"

"இறங்கு வரி கொடுங்கள் ஐயா!" என்று கலியன் கத்தினான். "ஏறுவதற்குத்தான் வரி இல்லை. இறங்குவதற்கு உண்டு. வருஷத்தில் முதல் இறக்கம் இலவசம். அப்புறம் ஒவ்வொரு இறக்கத்துக்கும் இரட்டிப்பு. பறையை முழுசாகக் கேட்டிருக்கலாமே!"

"எனக்கு விலக்கு உண்டு!"

"தாங்கள் கேட்டது ஏறுவதற்கான விலக்கு. தாராளமாக இன்னும் மேலே ஏறலாம்!"

மகுடேசர் போட்ட கூச்சலில் மகாராஜாவே உப்பரிகைக்கு வந்துவிட்டார். "கலியா! முணுமுணுப்பு கேட்கிறதே?"

"கேட்கிறது, மகாராஜா. ஆனால் முணுமுணுப்பவர் தங்கள் மண்ணிலா நிற்கிறார்?"

ராஜாவின் தொந்தி குலுங்க ஆரம்பித்தது.

பூவாத்தாள் மூட்டையோடு ஓடி வந்தாள். அவள் போக வேண்டிய கூண்டும் அதுதான். "ஐயா சாமி, குடுத்துத் தொலைச்சுட்டு எறங்குங்க! காத்து நின்னு போச்சுன்னா எம் பொண்ணு தனியா கெடந்து தவிப்பா!"

"எனக்கு இந்த வருஷம் இதுதான் முதல் இறக்கம்!" என்று மேலிருந்து கத்தினார் மகுடேசர்.

கூடைக்குள்ளிருந்து இன்னொரு குரல் வந்தது. "என்னது? முதத் தடவையா மாப்பிள்ளை? அப்ப வாரா வாரம் எங்க ஊருக்கு மேல பறந்துக்கிட்டே, எறங்க நேரமில்லைன்னு கையாட்டிட்டுப் போனது யாராம்? எப்பா, கீழ இருக்கிற தம்பி! எனக்குத்தான் முதத் தடவை. என்னை மட்டும் எறக்கி விடு. இவரு மேலயே காயட்டும்!"

கொஞ்ச நேரத்தில் ஒரு செம்பு கயிற்றில் இறங்கி வந்தது. உள்ளே அமைச்சரின் மோதிரங்கள், கடுக்கன், இடுப்புச் சங்கிலி. ஊர்க் கூரைகளுக்குப் போதும்.

தரையில் கால் பட்டதும் மகுடேசர் வாயைத் திறந்தார். கலியன் பணிவாகக் கை கூப்பினான். "முணுமுணுப்பதானால் மறுபடி ஏறிவிடுங்கள் ஐயா. ஏறுவதற்குத்தான் வரி இல்லையே!"

வாய் மூடிக்கொண்டது. பூவாத்தாள் கூடைக்குள் தாவினாள். கூண்டு மலையைப் பார்த்துக் கிளம்பியது.

மகாராஜா கண்ணில் நீர் வரச் சிரித்து, தம் முத்து மாலையைக் கலியன் கழுத்தில் போட்டார். போடுகிற சாக்கில் அவன் காதருகே குனிந்தார். கலியன் மெல்ல அவர் அங்கவஸ்திரத்திலிருந்து ஒரு வைக்கோல் துரும்பை எடுத்தான்.

"கலியா," என்றார் மகாராஜா தாழ்ந்த குரலில், "மகாராணிக்குத் தெரியாமல் இறங்கியதெல்லாமும் கணக்கில் சேருமா?"