மேட்டில் கொதித்த ஜீப்

ஜவ்வாது மலையில் ஒரு சின்ன மடம். மடத்துக்கு ஒரு சாமி, சாமிக்கு ஒரு சீடர், சீடருக்கு ஒரு பழைய ஜீப்.

சீடர் தணிகாசலம் சாமியைவிட வயதில் மூத்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மடத்துக்கு வந்து சேர்ந்தவர். தியானத்தில் உட்கார்ந்தால் குறட்டை விடுவார். ஜீப்புக்கு அடியில் படுத்தால்தான் மனுஷனுக்கு முழு விழிப்பு வரும்.

அன்று மத்தியானம் மடத்துச் சமையல்காரி உண்ணாமலையை விரியன் கடித்துவிட்டது. விறகுக் கட்டைத் தூக்கும்போது காலில் போட்டது. ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். உச்சி மேட்டை ஏறித்தான் இறங்க வேண்டும், வேறு வழி கிடையாது.

பாதி மேட்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போனது. பானெட்டிலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பியது.

தணிகாசலம் வண்டியை நிறுத்தினார். ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன கையைச் சாமி பிடித்துக்கொண்டார்.

"வெந்து போயிடும். ஆறட்டும்."

"அந்தம்மா கால் வீங்கிட்டே போகுது சாமி!"

"உங்க கையும் வெந்துட்டா வண்டியை யார் ஓட்டறது?"

காத்திருந்தார்கள். அவ்வளவு நீளமான காத்திருப்பைத் தணிகாசலம் தன் ஆயுசில் அனுபவித்ததில்லை. பின் சீட்டில் படுத்திருந்த உண்ணாமலை, "முட்டி வரைக்கும் மரத்துப் போச்சு" என்றாள்.

சூடு அடங்கியதும் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினார். குழாயில் ஒழுகல் இல்லை. வண்டியைக் கிளப்பினார். ஒரு வளைவுகூடத் தாண்டவில்லை, முள் மறுபடி ஏறத் தொடங்கியது. பிரேக் போட்டார்.

"தண்ணி இருக்கு. பெல்ட் இறுக்கமா இருக்கு. ஃபேன் சுத்துது. போன மாசம்தான் ரேடியேட்டரைக் கழுவினேன்." அவர் குரல் அழுகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. "எல்லாத்தையும் பார்த்துட்டேன் சாமி. எதுவுமே குறை இல்லை."

"இன்ஜினை அணைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் சாமி இறங்கினார். வண்டிக்கு முன்னால் போய் மண்டியிட்டார்.

இந்த நேரத்திலா பிரார்த்தனை என்று தணிகாசலத்துக்குக் கோபமே வந்தது. எட்டிப் பார்த்தார். சாமி பிரார்த்தனை செய்யவில்லை. தோள் துண்டை வண்டியின் முகப்பில் தொங்கவிட்டுப் பிடித்திருந்தார். உள்ளே ஃபேன் சுற்றுகிற சுற்றுக்குத் துண்டு உள்ளே இழுபட்டிருக்க வேண்டும். துண்டு அசையக்கூட இல்லை.

அசையாதுதான். முகப்பு முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு தகரப் பலகை. அதில் சாமியின் படம், கீழே 'குருவே துணை'. போன வாரம் குரு பௌர்ணமிக்குத் தணிகாசலம் தன் கையால் மாட்டியது. யாரும் கழற்றிக்கொண்டு போகக் கூடாதென்று போல்ட்டுகளைத் தட்டி மழுக்கியும் விட்டிருந்தார். அதற்குப் பிறகு வண்டி மேடு ஏறுவது இன்றுதான்.

"காத்து போக வழியில்லை" என்றார் சாமி. "லிவரைக் கொண்டாங்க."

தணிகாசலம் டயர் கழற்றும் இரும்பு லிவரைக் கொண்டுவந்தார். ஆனால் கை போகவில்லை.

"சாமி, அது உங்க முகம்."

"யாரு மூஞ்சியா இருந்தா எனக்கென்னய்யா?" என்று பின் சீட்டிலிருந்து உண்ணாமலை கத்தினாள். "பிச்சு எறிங்க!"

சாமி லிவரைப் பிடுங்கிப் பலகைக்கு அடியில் கொடுத்து நெம்பினார். தகரம் நெற்றியிலிருந்து தாடிவரை கிழிந்தது. தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தபோது சாமியின் உள்ளங்கையில் ரத்தம். பலகை பாதையோரப் புதரில் கிடந்தது.

முள் மெல்ல மெல்ல இறங்கியது. ஜீப் மேட்டை ஏறியது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். வெளியே வந்த டாக்டர், "பிழைச்சுக்குவாங்க. இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார்.

தணிகாசலம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் சாமி கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"என் பக்தி ஒரு உயிரையே எடுக்கப் பார்த்துச்சு சாமி."



பிறகு சாமி பக்கம் திரும்பிக் கேட்டார். "அதை மாட்டின அன்னைக்கு நீங்க வந்து பார்த்தீங்களே. காத்தை அடைக்குதுன்னு உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. சொல்லத்தான் வந்தேன்."

"அப்புறம் ஏன் சாமி சொல்லலை?"

சாமி தன் கைக்கட்டைப் பார்த்தார்.

"படத்துல நான் நல்லா இருந்தேன்."