இரண்டாயிரம் வாட்டும் இறங்காத குதிரையும்

மழை வந்தால் குடை நனைந்துவிடுமே என்று அதை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, நனைந்துகொண்டே கடைக்குப் போகிற ஆட்கள் மூன்று பேர் ஊமத்தம்பாளையத்தில் இருந்தார்கள். இந்த மூன்று பேரும் சேர்ந்து ஒரு தொழில் தொடங்கினால் விளங்குமா? தொடங்கினார்களே! கல்யாண வீடியோ ஸ்டூடியோ.

மூத்தவர் பொங்கியண்ணன். கண்ணாடி போட்டிருந்ததால் அவர்தான் முதலாளி. அடுத்தவன் குழந்தைவேல். யார் எதைச் சொன்னாலும் "அதுலயும் ஒரு நாயம் இருக்குதுங்க" என்பான். மூன்றாமவன் சென்னியப்பன். கதை இவனைப் பற்றியதுதான், ஏனென்றால் பாவம், கல்யாணம் ஆக வேண்டியிருந்தது இவனுக்குத்தான்.

பெண் பெயர் மேகலா, கோழிப்பண்ணை நாச்சிமுத்துவின் ஒரே மகள். பண்ணைப் பூஜையை வீடியோ எடுக்கப் போன சென்னியப்பன், கேமரா மூடியைக் கழற்றாமலே முழுப் பூஜையையும் எடுத்து முடித்தான். அதைப் பார்த்து அவள் சிரித்தாள். இவன் அந்தச் சிரிப்பிலேயே விழுந்துவிட்டான். இப்படி ஒரு கள்ளங்கபடம் இல்லாத ஆள் இனிமேல் கிடைக்கமாட்டான் என்று அவளும் வீட்டில் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

நாச்சிமுத்து யோசித்து யோசித்து ஒரு நிபந்தனை போட்டார். "வெள்ளிக்கிழமை நிச்சயம். சாதிசனம் எல்லாம் வருவாங்க. எம்பட மாப்ள வெள்ளக் குதிரையில வானத்துல பறந்து வந்து, எம்பட கோழிப்பண்ணை மேல எறங்கோணும். கிராபிக்ஸ்ல படம் பண்ணிப் போடு. படம் முடிஞ்சா பொண்ணு. முடியலீன்னா நீ அந்தக் குதிரையவே கட்டிக்க."

அதற்காகப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. எத்தனை கிராபிக்ஸ் கார்டு போடுவது என்று பேச்சு வந்தபோது, குதிரைக்கு எத்தனை கால் என்று பொங்கியண்ணன் திருப்பிக் கேட்டார். நாலு கார்டு என்று முடிவாயிற்று. பவர் சப்ளை மட்டும் பழைய கம்ப்யூட்டரில் இருந்ததையே கழற்றி மாட்டினார்கள்.

சுவிட்சைப் போட்டதும் உள்ளே இருந்த ஃபேன் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றியது. அப்புறம் 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், ஆள் படுத்துவிட்டார்.

"தூங்கிருச்சுங்க," என்றான் குழந்தைவேல் மெதுவாக.

"புது எடமில்ல, அசதியா இருக்கும். எழுப்பாதீங்க," என்றார் பொங்கியண்ணன்.

மூன்று பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பொழுது சாயும்வரை ஓசைப்படாமல் நடந்தார்கள். கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நாமக்கல்லுக்கு ஓடினார்கள்.

அங்கே தேவராஜ் என்பவர் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருந்தார். தங்கமான மனிதர். யாருக்கும் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்லவேண்டும் என்று ஓர் ஆசை அவருக்கு. அதுதான் அவர் செய்த தப்பு.

"பவர் சப்ளைங்கறது கல்யாண வீட்டுச் சமையக்கட்டு மாதிரிங்க. உங்க நாலு கார்டும் ஒரே பந்தியில உக்காருது. ஒவ்வொண்ணுக்கும் முந்நூறு வாட் வேணும். மத்த சாமானுக்கெல்லாம் சேத்து எரநூறு. ஆக ஆயிரத்து நானூறு. உங்க பழைய டப்பா நானூத்தம்பதுதான் குடுக்கும், பந்தி பாதியில எந்திரிச்சிருச்சு. ஆயிரத்து நானூறுக்கு அளவா வாங்குனாலும் ஆகாது. திடீர்னு கூட்டம் சேந்தா? அதனால கொஞ்சம் தாராளமா, ரெண்டாயிரம் வாட்டா போட்டுக்குங்க."

"அதுலயும் ஒரு நாயம் இருக்குதுங்க," என்றான் குழந்தைவேல்.

"ஆனா எங்கிட்ட இப்ப இல்லீங்க. கோயமுத்தூர்ல இருந்து வரோணும். வியாழக்கிழமை ஆயிரும்."

சென்னியப்பன் முகம் சுண்டிப்போயிற்று. வெள்ளிக்கிழமை நிச்சயத்தை வைத்துக்கொண்டு வியாழக்கிழமை வரைக்கும் எப்படிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது? பஸ்ஸில் திரும்பி வரும்போது பொங்கியண்ணன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து யோசித்தார்.

"ஏண்டா, நமக்கு வேணுங்கறது வாட்டுத்தானே? அது அவரு கடையிலதான் இருக்கோணுமா? வேற எங்கியாச்சும் வாட்டுன்னு எழுதியிருந்து பாத்திருக்கறீங்களா?"

சென்னியப்பனுக்குப் பொறி தட்டியது. "மாமா பண்ணையில குஞ்சுக்கொட்டாயில சூட்டுக்குக் குண்டு பல்பு தொங்குதுங்ணா! ஒவ்வொண்ணுலயும் நூறு வாட்டுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்குது. மொத்தம் இருவது பல்பு!"

இருபது நூறு இரண்டாயிரம். மூன்று பேரும் பஸ்ஸிலேயே எழுந்து நின்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கண்டக்டர் ஊர் வந்துவிட்டது என்று நினைத்து விசில் அடித்துவிட்டார்.

நாச்சிமுத்து அன்றைக்கு வெளியூர் போயிருந்தார். கொட்டாயும் காலியாக இருந்தது. புதுக் குஞ்சுகள் வெள்ளிக்கிழமைதான் வருவதாக இருந்தன. மேகலா பல்புகளைக் கழற்றித் தரும்போது மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள்.

"ஏனுங்க, இது இப்பெல்லாம் எந்தக் கடையிலயும் கெடைக்கறதில்ல. பத்திரமாத் திருப்பிக் குடுத்துருங்க. எங்கப்பா உங்களையாச்சும் மன்னிப்பாரு, பல்பு போச்சுன்னா மன்னிக்கமாட்டாரு."

"உசிர் மாதிரி பாத்துக்கறனுங்க," என்று சென்னியப்பன் நெஞ்சில் கைவைத்துச் சொன்னான். மனசாரத்தான் சொன்னான்.

இருபது பல்பையும் சணல் கயிற்றில் கோத்துக் கம்ப்யூட்டருக்கு மாலையாகப் போட்டார்கள். சுவிட்சைத் தட்டினார்கள். 'டப்'.

குழந்தைவேல் ஒரு பல்பை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தான். "எரிஞ்ச பல்புங்க. பாதி வாட்டுச் செலவாயிருக்கும்."

"எரிய வெச்சுப் பாத்தாத் தெரிஞ்சிருமுங்க," என்றான் சென்னியப்பன்.

"கூறுகெட்டவனே! எரிய வெச்சா மிச்ச மீதியும் செலவாயிரும்," என்று பொங்கியண்ணன் அதட்டினார். "வாட்டு உள்ளதான் இருக்குது. வெளிய வர வழியில்ல, கண்ணாடி மூடியிருக்குது. எளநிய வெட்டாம வாயில கவுத்துனா தண்ணி வருமா?"

அதற்குமேல் வாதம் எதற்கு? கம்ப்யூட்டரின் பக்கத்து மூடியைக் கழற்றினார்கள். பொங்கியண்ணன் ஒரு கற்பூரம் ஏற்றிக் காட்டினார். சென்னியப்பன் மேகலாவை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, முதல் பல்பை விடலைத் தேங்காய் மாதிரி கம்ப்யூட்டர் விளிம்பில் ஓங்கி உடைத்தான். ஒன்றும் ஆகவில்லை. முதல் பல்பில் நூறு வாட்டுத்தானே இருந்திருக்கும், ஒரு கார்டுக்கே காணாதே என்றார்கள். அதனால் அடுத்ததை உடைத்தான். இப்படியே கடைசிப் பல்பு வரைக்கும் நம்பிக்கை குறையாமல் உடைத்தார்கள்.

அப்புறம் மூன்று பேரும் கண்ணாடித் தூளைக் கூட்டிப் பெருக்கினார்கள். சென்னியப்பன் அழுதேவிட்டான்.

வியாழக்கிழமை தேவராஜ் போன் செய்தார். ஓடிப்போய் வாங்கினார்கள். செங்கல் கணக்காகக் கனமான பெட்டி. "பாத்து, கீழ வைக்காமக் கொண்டு போங்க. ஒரு கார்டுக்கு ஒரு வயரு, ஒண்ணைப் பிரிச்சு ரெண்டுக்குக் குடுக்காதீங்க. மாட்டுனதுக்கப்பறம் ரெண்டு தடவை சரிபாருங்க," என்று சொல்லி அனுப்பினார் அந்த மகராசன்.

கீழே வைக்கவில்லை. பஸ்ஸில் சீட்டு இருந்தும் நின்றுகொண்டே ஆள் மாற்றி ஆள் சுமந்தார்கள். ஒருத்தர் சுமக்க, இன்னொருத்தர் அவருக்கு டீ ஊட்டிவிட்டார். ஸ்டூடியோவுக்குள் வந்தும் சென்னியப்பன் பெட்டியோடு நின்றுகொண்டே இருந்தான்.

"மாட்டோணும்னா கீழ வைக்கோணுமே?" என்றான்.

"கீழ வைக்காதீங்கன்னுதான் சொன்னாரு. எப்ப வைக்கலாமுன்னு சொல்லலையே," என்றார் பொங்கியண்ணன்.

"அதுலயும் ஒரு நாயம் இருக்குதுங்க."

நல்லவேளை, கம்ப்யூட்டரைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து பவர் சப்ளையிடம் கொண்டுபோகலாம் என்று குழந்தைவேலுக்குத் தோன்றியது. அப்படியே மாட்டினார்கள். ஒரு கார்டுக்கு ஒரு வயர். சரிபார்த்தார்கள், இரண்டு தடவை. சென்னியப்பன் சுவிட்சைப் போட்டான்.

அட, ஓடியது! நாலு கார்டும் ரைஸ்மில் மாதிரி இரைந்தன. திரையில் வெள்ளைக் குதிரை ஒரு காலைத் தூக்கியது. மூன்று பேரும் ஆடாத ஆட்டம் ஆடினார்கள். அறை மட்டும் அடுப்படி மாதிரி கொதித்தது. கார்டுகளுக்குக் காய்ச்சல் என்று குழந்தைவேல் ஈரத்துணி நனைக்கப் போனான். பந்தியில் சாப்பிட்டால் வேர்க்கத்தான் செய்யும் என்று பொங்கியண்ணன் தடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. படத்தில் பத்தில் ஒரு பங்குகூட முடியவில்லை. குதிரை இன்னும் ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. சென்னியப்பன் திரைக்கு முன்னால் உட்கார்ந்து "ஹை... ஹை..." என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். வெளியே சோவென்று மழை, எலும்பைத் துளைக்கிற குளிர்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. நாச்சிமுத்து இறங்கினார். வேன் முழுக்க நேற்றுப் பொரித்த கோழிக்குஞ்சுகள், கீச்கீச்சென்று குளிரில் கத்தின. பின்னாலேயே மேகலா, முகம் வெளிறிப்போய்.

"எம்பட பல்பு எங்கீடா?"

சென்னியப்பன் மூலையில் இருந்த முறத்தைக் காட்டினான். முறத்தில் கண்ணாடித் தூள்.

நாச்சிமுத்து போட்ட சத்தம் ஊருக்கே கேட்டது. "படம்?"

"குதிரை... ஒரு கால்... தூக்கியிருக்குதுங்க மாமா."

"மாமாவா? ஆருக்குடா மாமா? எம்பட ஆயிரங் குஞ்சும் குளுருல வெறச்சுச் சாகப்போவுது, நீ குதிரைக் காலைக் காட்டறயா? மேகலா, வண்டியில ஏறு! இந்தச் சம்பந்தம் இத்தோட முடிஞ்சுது!"

சென்னியப்பனுக்கு உலகமே இருண்டது. அந்த இருட்டிலும் குஞ்சுகள் கத்துவது அவனுக்குப் பொறுக்கவில்லை. "நீங்க என்னைய அடிங்க மாமா, ஆனா அதுகளை மழையில நிக்க வைக்காதீங்க," என்று சொல்லி, பெட்டிகளைத் தூக்கி வந்து ஸ்டூடியோவுக்குள் அடுக்க ஆரம்பித்தான். மேகலாவும் அப்பாவைப் பார்க்காமல் ஒரு பெட்டியைத் தூக்கினாள்.

பெட்டிகளைத் திறந்துவிட்டதும் குஞ்சுகள் எல்லாம் குடுகுடுவென்று ஓடிக் கம்ப்யூட்டரைச் சுற்றிப் படுத்துக்கொண்டன. கீச்சுச் சத்தம் மெல்ல அடங்கியது. ஒன்று மட்டும் கீபோர்டில் ஏறிக் கண்ணை மூடியது.

நாச்சிமுத்து உள்ளே வந்தார். கையை நீட்டிச் சூட்டைப் பார்த்தார். கார்டுகளைப் பார்த்தார். "குஞ்சுக்கு ரெண்டு வாட்டுன்னுதான் பல்புக் கணக்கு," என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். "ஏம் மாப்ள, இந்த மிசினு எத்தன வாட்டு?"

மாப்ள என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சென்னியப்பனுக்கு உயிர் திரும்பி வந்தது. "இப்ப ஆயிரத்து நானூறு திங்குதுங்க மாமா."

"எப்ப நிக்கும்?"

"படம் முடிஞ்சா நின்னுருமுங்க. அப்பறம் ஆறிப்போயிருமுங்க."

நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்பக் கேட்டுக்க. குஞ்சுக்கு றெக்கை மொளைக்கற வரைக்கும் குதிரை எறங்கப்படாது. படம் முடிஞ்சுதோ, பொண்ணு கெடையாது!"

நிச்சயதார்த்தம் அங்கேயே நடந்தது. தட்டு மாற்றும்போது தாம்பாளத்தில் ஏழெட்டுக் குஞ்சுகள் ஏறிக்கொண்டன, யாரும் இறக்கவில்லை. பொங்கியண்ணன் ஒரு கையால் மவுசைப் பிடித்துக்கொண்டு, குதிரையை ஊரைச் சுற்றி இன்னொரு சுற்று விட்டார். மேகலாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

மறுநாள் மூன்று பேரும் தேவராஜ் கடையில் போய் நின்றார்கள். இன்னும் இரண்டு கார்டு வேண்டும், அதற்குத் தகுந்தாற்போல் இன்னும் பெரிய பவர் சப்ளையும் வேண்டும் என்றார்கள். தேவராஜ் மலைத்துப்போனார்.

"ஆறு கார்டா! அவ்வளவு என்ன வேலைங்க?"

"மாமாகிட்ட மொத்தம் ஆயிரம் உருப்படிங்க. எழுநூறுக்குத்தான் இப்பப் பந்தி காணுது," என்றான் சென்னியப்பன். "அதுக்கு மேலயும் தாராளமாப் போடுங்க, திடீர்னு ஒரு நூறு பொரிச்சாலும் பொரிச்சிருமுங்க."

ஒன்றும் விளங்காமல் தேவராஜ் தலையைச் சொறிந்தார். "சரீங்க, அந்தக் குதிரைப் படம் என்னாச்சு? நல்லபடியா முடிஞ்சுதா?"

சென்னியப்பன் சட்டென்று பவர் சப்ளைப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"உங்க புண்ணியத்துல இன்னும் முடியலீங்க."